மூன்றாவது பத்தி

நவம்பர் 14, வியாழன்.

இன்று ஒரு சிறு தவறைக் கண்டுபிடித்தேன். அக்டோபர் 24 அன்று திருமதி நோரீன் ஹிண்டிலுக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலை எடுத்து எண்ணினேன். 'ஹவ்எவர்' ஒன்றுகூட இல்லை. 'பட்' இல்லை. 'ஆல்தோ' இல்லை. 'ஆனாலும்' என்று திரும்புகிற சொல் எதுவுமே இல்லை. மாலை வகுப்புக் கட்டுரையில் வெட்டச் சொன்னதை அலுவலகக் கடிதத்திலும் வெட்டியிருக்கிறேன். அலுவலக மாதிரிப்படி மூன்றாவது பத்தி 'ஹவ்எவர்' என்றுதான் தொடங்க வேண்டும். பெரிய தவறு இல்லை என்று நினைக்கிறேன். என் நினைப்பு இந்த மாதத்தில் நான்கு முறை பொய்த்திருக்கிறது.

கொரின் ஆஷ்வொர்த் நாட்குறிப்பை மூடினாள். மறுபடி திறந்து 'நான்கு' என்பதை அடித்து 'ஐந்து' என்று திருத்தினாள். குடையை பஸ்ஸில் விட்டதைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தாள்.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. தார்ன்ஷா நகரத்து வீட்டு வாரியத்தில் கடிதப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாத முடிவில் வேலையை உறுதி செய்வார்கள். இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். எழுத்து சரியாக வரவேண்டும் என்று அவளாகவே போய் செவ்வாய்க்கிழமை மாலை உரைநடை வகுப்பில் சேர்ந்தாள். வம்பு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

வகுப்பு நடத்திய ஐவோர் லெக்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பச்சை மைப் பேனா வைத்திருந்தார். இரண்டு பக்கத்துக்கு எழுதச் சொன்ன கட்டுரையை அவளிடம் திருப்பித் தந்தபோது அதில் பதினொரு பச்சை வட்டங்கள் இருந்தன. பதினொன்றும் ஹவ்எவர்.

"கொரின், இது கட்டுரையா, ரவுண்டானாவா? ஒவ்வொரு வரிலயும் திரும்பிக்கிட்டே இருக்க. படிக்கிறவனுக்குத் தலை சுத்துது" என்றார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டெஸ் பஸ் ஓட்டுகிறவர். "என் நாப்பத்தொம்பதாம் நம்பர் வண்டிகூட இத்தன தடவ திரும்பாதுப்பா" என்றார். வகுப்பே சிரித்தது.

கொரினுக்கும் சிரிப்பு வந்தது, காதுமட்டும் சுட்டது. அவள் வேண்டுமென்று அந்தச் சொல்லைப் போடுவதில்லை. ஒரு வாக்கியம் எழுதி முடித்ததுமே யாரோ எழுந்து நின்று மறுக்கப்போவதுபோல் அவளுக்குத் தோன்றும். அவர் வாயைத் திறக்குமுன் தானே ஹவ்எவர் என்று சொல்லி முந்திக்கொள்வாள்.

"அந்தச் சொல்லத் தூக்கிப் போடு. ரெண்டு வாக்கியத்தப் பக்கத்துல பக்கத்துல வெச்சா எதிரும்புதிருமா நிக்கிறது தானாத் தெரியும். படிக்கிறவன நம்பு" என்றார் ஐவோர்.

'படிக்கிறவரை நம்பு' என்று எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டாள்.

அலுவலகத்தில் வேறு வேதம். பிரிவுத் தலைவர் க்வென் டாட்டர்சால் இருபத்தாறு வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். மறுப்புக் கடிதத்துக்கு அவர் வைத்திருந்த மாதிரி சுவரிலேயே ஒட்டியிருந்தது. முதல் பத்தியில் நன்றி. இரண்டாவது பத்தியில் அனுதாபம். மூன்றாவது பத்தியில் ஹவ்எவர் என்று தொடங்கி மறுப்பு. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலைதான். ஆனால் ஊசி எந்த இடத்தில் ஏறவேண்டும் என்பதில் க்வென் அணுவளவும் பிசக விடமாட்டார். கொரின் ஒருமுறை இரண்டாவது பத்தியின் நடுவில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு, கடிதத்தை மூன்று தடவை திருப்பி எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை ஐவோர் வெட்டுவார். புதன்கிழமை க்வென் ஒட்டச் சொல்வார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்வார்கள், தனக்குத்தான் புரியவில்லை என்று கொரின் நம்பினாள். அதனால் குறிப்பேட்டில் நான்கு கட்டம் பிரித்து, தேதி, சொல், யார் வெட்டினார், யார் ஒட்டினார் என்று எழுதி வந்தாள். எழுதியும் தெளிவு பிறக்கவில்லை.

அக்டோபர் நான்காவது வாரம் க்வென் விடுமுறையில் போனார். அந்த வாரம்தான் மில் தெரு பதினேழாம் எண் வீட்டிலிருந்து நோரீன் ஹிண்டிலின் விண்ணப்பம் வந்தது. முப்பது வருடமாகத் தலைமுடி அலங்காரம் செய்கிறவர், வாரிய வீட்டின் முன்னறையில் சொந்தமாகத் தொழில் நடத்த அனுமதி கேட்டிருந்தார். விதிப்படி மறுக்க வேண்டும். கொரின் வரைவை எழுதி, பெயரை மறைத்து, செவ்வாய் வகுப்புக்கு எடுத்துப் போனாள். ஐவோர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். பச்சை வட்டம் ஒன்றுகூட இல்லை. "முதல் தடவையா ஒரு ஆபீஸ் கடிதம், மனுஷன் எழுதின மாதிரி இருக்கு" என்றார். வியாழக்கிழமை அதை அப்படியே தபாலில் சேர்த்தாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

நவம்பர் 18, திங்கட்கிழமை காலை க்வென் அவளை மேசைக்குக் கூப்பிட்டார்.

"மில் தெரு பதினேழுல பார்லர் நடக்குதாம். பக்கத்து வீட்டு பாட்ஸ் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கார். ட்ரையர் சத்தம், வாசல்ல கார், சாக்கடைல முடி. நாம அனுமதி தரலதானே?"

"தரல."

"நீதானே எழுதின?"

"நான்தான்."

"அப்ப அந்தம்மாவுக்கு எவ்வளவு தைரியம்! இல்லன்னு சொன்னதுக்கப்புறம் கடையத் தொறந்து வெச்சிருக்காங்க. பதினாலு நாள்ல நிறுத்தணும், இல்லேன்னா வீட்டக் காலி பண்ண நடவடிக்கைன்னு நோட்டீஸ் எடு. நாளைக்கு நேர்ல போய்க் குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வா."

கொரின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாட்குறிப்பில் எழுதியது நினைவுக்கு வந்தது. ஆனாலும் கடிதத்தில் மறுப்பு இருக்கிறதே, தெளிவாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நோட்டீசைத் தட்டச்சு செய்தாள்.

செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. பதினேழாம் எண் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் சாய்வு நாற்காலி, தலை கழுவும் தொட்டி, ஆளுயரக் கண்ணாடி. தலை நிறையச் சுருள்களோடு ஒரு மூதாட்டி ட்ரையரின் கீழே உட்கார்ந்து இஞ்சிக் கேக் தின்றுகொண்டிருந்தார். கண்ணாடியின் மேல்மூலையில், வாடிக்கையாளர் எல்லாரும் பார்க்கும்படி, வாரியத்தின் கடிதம் ஒட்டியிருந்தது. கொரினின் கடிதம்.

"வாரியத்துலேர்ந்தா? வா கண்ணு, உள்ள வா. செருப்ப மிதியடில நல்லாத் தொடச்சுக்க" என்றார் நோரீன் ஹிண்டில். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் சீப்பு. "இந்த லெட்டர் எழுதின பொண்ணு யாரு, உனக்குத் தெரியுமா?"

"நான்தான் எழுதினேன்."

"நீயா! முதல்ல கையக் குடு. இவ்வளவு நல்ல லெட்டர் இந்தத் தெருவுக்கே வந்ததில்ல. வின்னி, பாரேன், இந்தப் பொண்ணுதானாம்!"

ட்ரையருக்குக் கீழேயிருந்த வின்னி கேக்கை உயர்த்திக் காட்டினார்.

கொரின் மிதியடியைவிட்டு நகரவில்லை. "மிஸஸ் ஹிண்டில், அது அனுமதிக் கடிதம் இல்ல. நாங்க முடியாதுன்னுதான் எழுதியிருக்கோம்."

நோரீன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியிலிருந்து கடிதத்தைப் பிய்த்து எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எங்க? காட்டு."

கொரின் மூன்றாவது பத்தியில் விரலை வைத்தாள். நோரீன் உரக்கப் படித்தார்.

"'வாரிய வீடுகள் குடியிருப்பதற்கென்றே வழங்கப்படுகின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.' அறிவேன். யார் இல்லன்னா? 'தற்போதைய நிலையில் தங்கள் கோரிக்கைக்கு இசையும் வழி வாரியத்துக்குத் தென்படவில்லை என்பதில் எங்களுக்கு வருத்தமே. முப்பதாண்டு அனுபவத்தோடு தாங்கள் தொடங்கும் முயற்சி சிறக்க எங்கள் வாழ்த்துகள்.' வாழ்த்துகள்னு போட்டிருக்கியே, பாவிப் பொண்ணே!"

"அதுக்கு முந்தின வாக்கியத்துல..."

"ஹவ்எவர் எங்க?"

"என்னது?"

"ஹவ்எவர்! ஹவ்எவர் சொல்லாம யாராவது முடியாதுன்னு சொல்லுவாங்களா? நானும் பொறந்ததுலேர்ந்து வாரிய வீட்லதான் இருக்கேன். தபால் வந்தா வாசல்லயே நின்னு பிரிப்போம். விரல வெச்சு அந்தச் சொல் எங்கன்னு தேடுவோம். இருந்தா அதுலேர்ந்து படிப்போம். இல்லேன்னா சரின்னு சொல்லிட்டாங்கன்னு அர்த்தம். மேல இருக்கற நன்றி, வருத்தம் எல்லாம் யாரு படிப்பா?"

"என் மூத்தவளப் பொண்ணு கேட்டு வந்தான் ஒருத்தன்" என்றார் வின்னி, ட்ரையர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி. "எம் புருஷன், 'பையன் நல்ல பையன்தான், ஹவ்எவர்'னு ஆரம்பிச்சார். அவன் உடனே தொப்பிய எடுத்துக்கிட்டான். மிச்சத்தச் சொல்ல விடவே இல்ல."

"வின்னி, சும்மா இரு. இது என் பொழப்பு." நோரீன் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "பத்தொம்பது வருஷம் மார்க்கெட் தெரு பார்லர்ல நின்னேன். லெட்டர் வந்த அன்னிக்கே ஏப்ரனக் கழட்டி முதலாளியம்மா கையில குடுத்துட்டேன். குடுத்துட்டுச் சும்மா வந்தேனா? 'நீ அடிக்கிற சாயம் தார் ரோடு மாதிரி இருக்கு'ன்னு கஸ்டமர் முன்னாடியே சொல்லிட்டு வந்தேன். இனிமே அந்தப் படிய மிதிக்க முடியுமா?"

கொரின் பையிலிருந்த நோட்டீசை எடுத்தாள். கொடுக்காமல் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கொடுக்காவிட்டால் நாளை வேறொருவர் வந்து கொடுப்பார். கொடுத்தாள். நோரீன் வாங்கி, முதல் இரண்டு பத்தியை விட்டுவிட்டு விரலை நேராகக் கீழே இறக்கினார். இந்த முறை சொல் இருந்தது. பதினான்கு நாள் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது அவளைப் பார்க்கவில்லை.

"பழைய கடிதம் ஏதாவது வெச்சிருக்கீங்களா? வாரியத்துலேர்ந்து வந்தது" என்று கேட்டாள் கொரின்.

"எதுக்கு? அதையும் புடுங்கிட்டுப் போறதுக்கா?"

"எண்ணிப் பாக்கணும்."

நோரீனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "எண்ணிப் பாக்கறாளாம்!" என்று வின்னியிடம் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து அவள் மடியில் தொப்பென்று வைத்தார். "எண்ணு தாயே. நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள நான் வின்னிக்குச் சுருள் எடுத்துடறேன். பதினாலு நாளுக்குள்ள எடுக்கணுமே."

டப்பாவில் நாற்பத்தொரு கடிதங்கள் இருந்தன. கொரின் தரையில் உட்கார்ந்து இரண்டு குவியலாகப் பிரித்தாள். பூனைக் கதவு வைக்கக் கேட்டது, சமையலறை ஜன்னல் மாற்றக் கேட்டது, படிக்கட்டில் கைப்பிடி கேட்டது. முப்பத்தாறில் ஹவ்எவர் இருந்தது, முப்பத்தாறும் மறுப்பு. ஐந்தில் இல்லை, ஐந்தும் அனுமதி. விலக்கு என்று ஒன்றே ஒன்றுதான், கண்ணாடியில் ஒட்டியிருந்த அவள் கடிதம். ஏறக்குறைய எல்லாவற்றின் அடியிலும் ஒரே கையெழுத்து: க்வென் டாட்டர்சால்.

மறுபடி எண்ணினாள். அதே கணக்குத்தான் வந்தது. வாரியம் இந்த மாதிரி எழுதப் பழகிய அதே வருடங்களில் தெரு இந்த மாதிரி படிக்கப் பழகியிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை. எழுதாத அந்த ஒப்பந்தத்தை முறித்தது அவள்.

"இத ரெண்டு நாள் எடுத்துட்டுப் போகலாமா?"

"வீட்டையே எடுத்துக்கப் போறீங்க. டப்பாவ எடுத்துக்கறதுக்கு என்ன?"

அன்று மாலை வகுப்புக்குப் போகவேண்டாம் என்று நினைத்தாள். பழக்க தோஷத்தால் போய்விட்டாள். ஐவோர் என்ன ஆயிற்று என்று கேட்டதும், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அற்புதம், கொரின்! ஒரு தெருவே ஒரே சொல்ல வெச்சுப் படிக்குது! இத எழுது. ரெண்டாயிரம் சொல்லுக்குக் குறையாம எழுது."

"ஒருத்தங்களுக்கு வேலை போயிருக்கு, ஐவோர்."

"அது ரொம்ப வருத்தமான விஷயம்தான். ஹவ்எவர்..."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஐவோரின் முகம் சிவந்தது. "நான் கட்டுரைக்குத்தானே சொன்னேன்? ஆபீஸ் கடிதத்துக்கா சொன்னேன்?"

கொரினுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு ஆசிரியர்மேல் கோபம் வந்தது. குறிப்பேட்டைத் திறந்தாள். "அக்டோபர் எட்டு, பதினஞ்சு, இருபத்திரண்டு. மூணு தடவையும் 'எப்பவும்'னு சொன்னீங்க. எதுக்குன்னு பிரிச்சுச் சொல்லல. இருபத்திரண்டாம் தேதி அந்தக் கடிதத்தையே உரக்கப் படிச்சு நல்லாயிருக்குன்னீங்க."

"நல்லாத்தான் இருந்துது!"

"நல்லாத்தான் இருந்துது. அதான் அவங்க கண்ணாடில ஒட்டி வெச்சிருக்காங்க."

டெஸ் தொண்டையைக் கனைத்தார். "நான் ஒண்ணு சொல்றேன். வண்டியத் திருப்பறதுக்கு முன்னாடி நான் விளக்குப் போடணும். 'பின்னால வர்றவன நம்பு, அவனுக்கே புரியும்'னு போடாம திருப்பினேன்னு வைங்க, சாயங்காலமே லைசென்ஸப் புடுங்கிடுவாங்க. நேர் ரோட்டுல போட்டுக்கிட்டே போனாலும் பின்னால இருக்கறவன் திட்டுவான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஐவோர் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "அது தப்பில்ல" என்றார் கடைசியில். "அத நான் சொல்லியிருக்கணும்." அன்றைக்குப் பாடம் அதற்குமேல் ஓடவில்லை.

புதன்கிழமை கொரின் டப்பாவை க்வென் மேசைமேல் வைத்தாள். தன் கடிதத்தையும், எண்ணிக்கை எழுதிய தாளையும் பக்கத்தில் வைத்தாள். நோரீன் சொன்னதைச் சொன்னாள்.

க்வென் கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு ஒரு கடிதத்தை உயர்த்திப் பிடித்தார்.

"இது எது தெரியுமா? அவங்க வீட்டுக்காரருக்கு மூச்சுத்திணறல், கீழ்த்தள வீடு குடுங்கன்னு கேட்டது. காலியா வீடு இல்ல. ரெண்டாவது பத்திய எழுத எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆச்சு. எட்டு தடவ எழுதினேன். அவருக்கு வலிக்கக் கூடாதுன்னு."

"அத அவங்க படிச்சிருக்க மாட்டாங்க, க்வென்."

"விரல வெச்சு நேராக் கீழ போயிடுவாங்களா?"

"ஆமா."

"எல்லாருமா?"

"மில் தெரு பூராவும்னு சொல்றாங்க. நான் ரெண்டு பேரத்தான் கேட்டேன். மத்தவங்களப் பத்தி எனக்கு உறுதியாத் தெரியாது."

"இருபத்தாறு வருஷம்!" க்வென் கடிதங்களை மேசையில் போட்டார். "நன்றி, வருத்தம், மரியாதைன்னு உக்காந்து உக்காந்து எழுதியிருக்கேன். ஒரு ஜீவன்கூடப் படிக்கல. அந்தப் பாழாப்போன சொல்ல மட்டும் ரப்பர் ஸ்டாம்பு அடிச்சு அனுப்பியிருந்தாப் போதும். எனக்கும் முதுகுவலி மிச்சமாயிருக்கும்!" எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். "சரி, உனக்கு என்ன வேணும்?"

"வெள்ளிக்கிழமை மேல்முறையீட்டுக் குழு கூடுது. தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுக்கறேன். அவங்களுக்கு அனுமதி குடுக்கச் சொல்லிக் கேக்கறேன்."

"ப்ரொபேஷன்ல இருக்கறவ இப்படி எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பேசறியா?"

"முழுசாத் தெரியுமான்னு சந்தேகமாத்தான் இருக்கு. எழுதத்தான் போறேன்."

க்வென் அவளை உற்றுப் பார்த்தார். "ஒரு பக்கம். அதுக்கு மேல போனா குழுல இருக்கறவங்க படிக்க மாட்டாங்க. அந்தக் கிழவங்க எதப் பாத்துப் படிப்பாங்கன்னு எனக்கு இப்ப சொல்லத் தெரியல."

கொரின் அந்த ஒரு பக்கத்தை நான்கு முறை எழுதினாள். முதல் வரைவில் ஒன்பது ஹவ்எவர் வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாக்கு ஒளிந்திருந்தது. க்வென் விடுமுறையில் இருந்தார், ஆசிரியர் பாராட்டினார், மறுப்பு கடிதத்தில் இருக்கத்தான் இருக்கிறது. சொல்லை வெட்டியபோது சாக்கும் கூடவே விழுந்தது. இரண்டாவது வரைவில் ஒன்றுகூட இல்லை; படித்துப் பார்த்தபோது யார் பக்கம் பேசுகிறாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. நான்காவதில் ஒரே ஒரு 'பட்' மிஞ்சியது. 'நான் மறுத்தேன், ஆனால் அவருக்குப் புரியும்படி மறுக்கவில்லை.' அதை எடுத்துப் பார்த்தாள். வாக்கியம் இரண்டு துண்டாகக் கிடந்தது. திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை குழுவில் மூன்று பேர். தலைவர் மிஸ்டர் கிராப்ட்ரி வழுக்கைத்தலையர். சட்டத்துறையில் ஓய்வு பெற்றவர். நோரீன் நல்ல கோட்டு அணிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்ஸ் கடைசி வரிசையில், தன் நான்கு பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மிஸ் ஆஷ்வொர்த், நேரா ஒரு கேள்வி. கடிதத்தில் மறுப்பு இருக்கா, இல்லையா?" என்றார் தலைவர்.

"இருக்கு, சார்."

"அப்ப திருமதி ஹிண்டில் அதப் படிச்சிருக்கணும் இல்லையா?"

"படிச்சாங்க. நாம முப்பத்தாறு தடவ படிக்கக் கத்துக்குடுத்த மாதிரியே படிச்சாங்க. முப்பத்தேழாவது தடவ நான் மாத்திட்டேன். மாத்தினத அவங்களுக்குச் சொல்லல."

தலைவர் கொரின் கொண்டுவந்த டப்பாவிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தானறியாமல் அவர் விரல் தாளின் நடுவுக்கு இறங்கியது. முன்வரிசையில் நோரீன் அதைப் பார்த்துவிட்டார்.

"பாத்தீங்களா, அய்யா! நீங்களும் எங்க தெருதான்!"

"அமைதி, திருமதி ஹிண்டில்."

"அமைதியாத்தான் இருக்கேன். பொழப்பு போறப்ப இதவிட அமைதியா இருக்க எனக்குத் தெரியாது. உங்களுக்கு என் தொழில் தேவப்படாதுன்னு பாத்தாலே தெரியுது. எங்க தெருக் கிழவிங்களுக்குத் தேவப்படுது. வின்னியால மார்க்கெட் தெரு வரைக்கும் நடக்க முடியாது."

பாட்ஸ் எழுந்தார். "என் வாசல்ல கார் நிக்குது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"கார்ல வர்றவ ஒருத்திதான், ஆல்பர்ட். அவ உன் மச்சினி."

குழு அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. கொரினும் நோரீனும் தாழ்வாரத்து பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். "உன் முடி ரொம்ப வறண்டுபோய்க் கிடக்கு" என்றார் நோரீன் சுவரைப் பார்த்துக்கொண்டே. கொரின் தலையைத் தொட்டுப் பார்த்து, "ஆமா" என்றாள்.

கதவு திறந்தது. மார்ச் மாத முடிவுவரை தற்காலிக அனுமதி. ஒரு நேரத்தில் ஒரு வாடிக்கையாளர்தான். மாலை ஐந்துக்கு மேல் கூடாது. ஞாயிறு கூடாது. பெயர்ப்பலகை கூடாது. மார்ச்சில் மறுபடி பார்ப்பார்கள். கொரினின் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. அதைப் படிக்கும்போது தலைவர் முன்னுரை எதுவும் சொல்லவில்லை.

நோரீன் நின்ற இடத்திலேயே நின்றார். "இப்ப இது சரிங்கறதா, இல்லைங்கறதா? எனக்கு ஒரே வார்த்தைல சொல்லு."

"சரி" என்றாள் கொரின். "மார்ச் வரைக்கும்."

"மார்ச்சுக்கு அப்புறம்?"

"தெரியாது."

"தெரியாதாம்!" நோரீன் கோட்டுப் பொத்தான்களைப் போட்டார். "எழுதித் தா. இந்தத் தடவ உன் அழகு நடையெல்லாம் வேண்டாம், கண்ணு. என்னால இன்னொரு தடவ வேலைய விட முடியாது, விடறதுக்கு ஒண்ணுமில்ல." தெருவில் இறங்கிப் போய்விட்டார். நன்றி சொல்லவில்லை. கொரினும் எதிர்பார்க்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி.

அனுமதிக் கடிதத்தை மாலை நாலரைக்கு முடித்தேன். முதல் வரியில் அனுமதி. நான்கு நிபந்தனைகளும் தனித்தனி வரியில். அடுத்த வரியில் மார்ச் 31. க்வென் படித்து, மாதிரிப்படி இல்லை என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். சுவரில் ஒட்டியிருந்த மாதிரியை அவர் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. எடுப்பதுதான் சரியா என்றும் தெரியவில்லை.

நாளை, சனி: காலை எட்டரைக்கு மில் தெரு பதினேழு. முதல் வாடிக்கையாளர் வருமுன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். டப்பாவைத் திருப்பித் தர வேண்டும். பிறகு பத்தொன்பதாம் எண், மிஸ்டர் பாட்ஸுக்கு ஒரு நகல்.